லேசாக வளைந்த பழைய பூல் ஸ்டிக்கை வாங்குவதற்கு முன்

பூல் என்ற மேசைப் பந்தாட்டத்தில் பந்தை அடிக்கும் பழைய ஸ்டிக் ஒன்று கண்ணில் படுகிறது. மரம் பளிச்சென்று இருக்கிறது, கைப்பிடியில் சுற்றிய நூல் பிரியவில்லை, விலையும் கையைக் கடிக்காது போலத் தெரிகிறது. எல்லாம் பேசி முடித்த பிறகு விற்பவர் ஒரு வார்த்தை சேர்க்கிறார்: "லேசா ஒரு வளைவு இருக்கு, ஆனா ஆட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது." இதைக் கேட்டதும் பாதிப் பேர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள், மீதிப் பேர் அவர் சொன்னதை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமுமே அவசரம் என்பது என் எண்ணம்.

வளைவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எங்கே என்று கேளுங்கள். கைப்பிடிப் பக்கம் இருக்கும் வளைவோடு வருடக்கணக்கில் நன்றாக ஆடலாம். இரண்டு பாதியும் சேரும் ஜாயிண்டில் தெரியும் கோணல் பல நேரம் வளைவே இல்லை, வெறும் அழுக்காகக்கூட இருக்கும். பந்தில் படும் நுனியான டிப்புக்குப் பின்னால் ஓர் அடி தூரத்துக்குள் வளைந்திருந்தால் மட்டும் அது ஒவ்வொரு அடியிலும் உங்கள் கண்ணை ஏமாற்றும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், மற்றவர்கள் பயந்து ஒதுக்கிய நல்ல ஸ்டிக் உங்கள் கைக்கு வரும்.

சாதாரணப் பூல் ஸ்டிக் 58 அங்குல நீளம், நடுவில் கழற்றி இரண்டாக்கலாம், எடை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸுக்குள் இருக்கும். முன்பாதியை ஷாஃப்ட் என்கிறோம். பொதுவாகக் கெட்டியான மேப்பிள் மரம், டிப் பக்கம் 12 அல்லது 13 மி.மீ. தடிமன், ஜாயிண்ட் பக்கம் ஏறக்குறைய 21 மி.மீ. முனையில் ஃபெரூல் என்ற வெள்ளைக் குப்பி, அதன் மேல் தோல் டிப். கைப்பிடி இருக்கும் பாதியை நான் இங்கே பின்பாதி என்றே எழுதுகிறேன்.

மரம் ஏன் வளைகிறது என்பதை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், ஏனென்றால் விற்பவரிடம் என்ன கேட்பது என்பது இதிலிருந்துதான் வரும். மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், வறண்டால் திருப்பிக் கொடுக்கும். அப்போது நீளவாக்கில் அது அசைவதே இல்லை என்று சொல்லலாம், அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். அதிலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவு இல்லை. கெட்டி மேப்பிள் பச்சை மரமாக இருந்து முழுக்கக் காயும்போது வளர்ச்சி வளையத்தின் போக்கில் 9.9 சதவீதம் சுருங்கும், வளையத்துக்குக் குறுக்கே 4.8 சதவீதம்தான் சுருங்கும். மரத்தின் ரேகை ஷாஃப்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடினால் இந்த அசைவு பெரிதாகத் தெரியாது. ரேகை சாய்வாக ஓடிப் பக்கவாட்டில் வெளியேறிவிட்டால், ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு பக்கம் கூடுதலாக இழுக்கும், ஷாஃப்ட் வில்லாகிவிடும். அதனால் கையில் வாங்கியதும் முதலில் ரேகையைப் பாருங்கள். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றினால் கோடுகள் எங்கே போகின்றன என்பது தெரிந்துவிடும்.

பிறகு இரண்டு கேள்வி. எங்கே வைத்திருந்தீர்கள்? காரின் டிக்கியில் கிடந்தது, சுவரில் சாய்த்து வைத்திருந்தது என்ற பதில் வந்தால் வளைவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டாவது, ஷாஃப்டை யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்களா? டிப்பில் தேய்க்கும் நீலச் சாக்கின் கறை போக வேண்டும் என்று தேய்ப்பவர்கள் மேலிருக்கும் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள், அதற்கப்புறம் மரத்துக்குள் ஈரம் போக வழி திறந்துவிடுகிறது. பழைய ஸ்டிக்கில் ஷாஃப்ட் மட்டும் புதுமரம் போல வெளுத்துச் சுத்தமாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். கறை படிந்த ஷாஃப்டை நான் அதிகம் நம்புவேன்.

உருட்டிப் பார்ப்பது

எல்லோரும் செய்வது, ஸ்டிக்கை மாட்டி டேபிளில் போட்டு உருட்டுவது. டிப் துள்ளினால் வளைவு, துள்ளாவிட்டால் நேர். இது பாதிதான் உண்மை. ஸ்டிக் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தது, அதனால் நேரான ஸ்டிக்கும் உருட்டும்போது நேராகப் போகாது, டிப் பக்கம் சுழன்று வளைந்துதான் போகும். அதைப் பார்த்து வளைவு என்று முடிவு கட்ட வேண்டாம். இன்னொன்று, நிறைய ஷாஃப்ட்களில் டிப்பிலிருந்து 10 முதல் 15 அங்குலம் வரை ஒரே தடிமன் இருக்கும், அதற்குப் பிறகுதான் தடிக்க ஆரம்பிக்கும். டேபிளில் வைத்தால் ஷாஃப்டின் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், அடியில் வெளிச்சம் வரும். அது கடைசல் வேலையின் வடிவம். நீங்கள் பார்க்க வேண்டியது, உருளும்போது அந்த இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா, அல்லது திறந்து மூடி, திறந்து மூடி வருகிறதா என்பதை. கண்ணை டேபிள் மட்டத்துக்குக் கொண்டுவந்து, எதிர்ப்பக்கம் ஒரு விளக்கோ கைபேசி டார்ச்சோ வைத்துவிட்டு, விரல் நுனியால் மிக மெதுவாக உருட்டுங்கள். வெளிச்சக் கீற்று அகன்று மெலிந்தால் அதுதான் வளைவு.

இதைச் சேர்த்து ஒரு தடவை, ஷாஃப்டை மட்டும் ஒரு தடவை, பின்பாதியை மட்டும் ஒரு தடவை என்று மூன்று முறை செய்ய வேண்டும். பலர் சேர்த்து உருட்டிப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். சேர்த்த நிலையில் நேராகத் தெரிந்து, தனித்தனியாக இரண்டும் வளைந்திருக்கும் ஸ்டிக் உண்டு. திருகி மூடும்போது இரண்டு பாதியும் ஏறக்குறைய எப்போதும் ஒரே நிலையில்தான் வந்து நிற்கும் என்பதால், ஒன்றின் வளைவை மற்றொன்று மறைத்துவிடும், வேறு ஷாஃப்ட் போடும் அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும். டேபிளிலும் குறை இருக்கலாம், துணிக்கு அடியில் கல் இணையும் இடம் சமமாக இல்லாமல் இருக்கலாம். அதனால் அதே சோதனையை டேபிளின் வேறு இடத்திலோ, கண்ணாடி மேசையிலோ மறுபடி செய்யுங்கள்.

உருட்ட இடம் இல்லாவிட்டால் தச்சர் பலகையின் விளிம்பைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடி, பின்பக்கத்திலிருந்து டிப்பை நோக்கிப் பார்த்துக்கொண்டே ஸ்டிக்கைச் சுழற்றலாம். பெரிய வளைவு தெரியும். சின்னது தப்பிவிடும், என் கண்ணுக்கு ஒரு மி.மீ.க்குக் கீழே எதுவும் தெரிவதில்லை.

அளந்து பார்க்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. இரண்டு அட்டைப் பெட்டிகளின் விளிம்பில் வி வடிவத்தில் வெட்டி, ஷாஃப்டின் ஜாயிண்ட் முனையை ஒன்றிலும் டிப்புக்கு இரண்டு அங்குலம் பின்னால் மற்றொன்றிலும் உட்கார வையுங்கள். நடுவில் ஒரு புத்தக அடுக்கின் மேல் பென்சிலை வைத்து, அதன் முனை ஷாஃப்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்கும்படி செய்து, ஷாஃப்டை அதே இடத்தில் சுழற்றுங்கள். இடைவெளி மிகக் குறைந்த இடத்திலும் மிக அதிகமான இடத்திலும் எத்தனை தாள் நுழைகிறது என்று பாருங்கள். ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரணத் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ., வங்கி அட்டை ஒன்று 0.76 மி.மீ. வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான வளைவு, ஏனென்றால் வளைந்த கம்பு சுழலும்போது இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை போய்வரும். வித்தியாசம் ஐந்து தாளுக்குள் இருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். பத்துத் தாள் வரை போனால் விலையில் பேசுவேன். இருபதைத் தாண்டினால் அந்த ஷாஃப்டுக்கு மதிப்பே போடமாட்டேன், பின்பாதிக்கு மட்டும்தான் பணம். இது என் கணக்கு, எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

ஜாயிண்ட் ஏமாற்றும்

ஒரு தடவை நான் பார்க்கப் போன ஸ்டிக், சேர்த்து உருட்டினால் டிப் மேலும் கீழும் நன்றாகத் துள்ளியது. விற்பவரே அதை வளைந்த ஸ்டிக் என்றுதான் சொல்லிக் குறைத்துக் கொடுக்கத் தயாராக இருந்தார். ஷாஃப்டைத் தனியாக உருட்டினேன், வெளிச்சக் கீற்று அசையவில்லை. பின்பாதியும் அப்படியே. சரி, இரண்டும் நேராக இருந்து சேர்த்தால் மட்டும் கோணுகிறது என்றால் சேரும் இடத்தில்தான் விஷயம் இருக்க வேண்டும் என்று ஷாஃப்டின் வாயைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். வளையத்தின் ஓரத்தில் அரிசியின் குருணை அளவுக்கு மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது, பழைய வார்னிஷ் சொட்டாக இருக்கலாம். நகத்தால் நெம்பினேன், வந்துவிட்டது. உலர்ந்த துணியால் இரண்டு முகத்தையும் துடைத்து மறுபடி மாட்டி உருட்டினோம். துள்ளல் போயிருந்தது. விற்பவர் பக்கத்திலேயே இருந்ததால் அவரிடம் உண்மையைச் சொல்லி நல்ல ஸ்டிக்குக்கான விலையைத்தான் கொடுத்தேன்.

இது ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்குக் கணக்கு எளிது. ஜாயிண்ட் முகத்தின் விட்டம் ஏறக்குறைய 21 மி.மீ., ஷாஃப்டின் நீளம் 29 அங்குலம், அதாவது 737 மி.மீ. அந்த முகத்தின் ஓர் ஓரத்தில் ஒரு தாள் கனத்துக்கு, 0.1 மி.மீ. அளவுக்கு, ஏதாவது சிக்கிக்கொண்டால் டிப் இருக்கும் இடத்தில் மூன்று மி.மீ.க்கு மேல் விலகிவிடும். அதனால் துடைக்காமல் யாரும் வளைவு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. துடைத்த பிறகும் கோணல் இருந்து, இரண்டு பாதியும் தனியாக நேராக இருந்தால் ஜாயிண்டின் முகம் சாய்வாக இருக்கலாம், அல்லது இரண்டு பாதியையும் இணைக்கும் திருகாணி, அதாவது 'பின்', சற்று வளைந்திருக்கலாம். முகச் சாய்வைக் கடைசல் இயந்திரம் வைத்து ஸ்டிக் வேலை பார்ப்பவர் சரிசெய்துவிடுவார். பின் வளைந்திருந்தால் மாற்றலாம், வேலை கொஞ்சம் பெரிது.

எந்த இடத்து வளைவோடு வாழலாம்

குறி பார்க்கும்போது உங்கள் கண் உண்மையில் பின்தொடர்வது டேபிளில் ஊன்றிய முன்பக்கக் கையின் விரலிலிருந்து டிப் வரையுள்ள எட்டுப் பத்து அங்குலத்தைத்தான். பின்பாதி லேசாக வளைந்திருந்தால் பின்கை கோட்டிலிருந்து மயிரிழை விலகி நிற்கும், அவ்வளவுதான். ஆடும்போது கவனிக்கவே மாட்டீர்கள். முன்பகுதியில் அப்படி இல்லை. 25 செ.மீ. தூரத்தில் டிப் அரை மி.மீ. பக்கவாட்டில் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டை நீட்டினால் இரண்டு மீட்டர் தள்ளி 4 மி.மீ. விலகல். வெள்ளைப் பந்து 57 மி.மீ. விட்டம்தான், தூரத்தில் இருக்கும் பந்தை மெலிதாக வெட்டிப் போட வேண்டிய இடத்தில் நான்கு மி.மீ. நிறையவே. பந்தில் தேவையில்லாத சுழற்சி ஏறிவிடும் என்றும் சிலர் பயப்படுவார்கள். டிப் நழுவாமல் பந்தின் மையத்திலிருந்து 14 மி.மீ. வரைக்கும் தள்ளி அடிக்கலாம் என்னும்போது அரை மி.மீ. தரும் சுழற்சி ஒன்றுமே இல்லை. கண் கோட்டைத் தவறாகப் பிடிப்பதுதான் பிரச்சினை.

அதைவிடத் தொந்தரவு என்னவென்றால், ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஸ்டிக் கையில் வேறு மாதிரி திரும்பியிருக்கும். ஒரு அடிக்கு வளைவு வலது பக்கம், அடுத்ததற்கு இடது பக்கம். தப்பு ஒரே பக்கமாக வந்தால் கை பழகிக்கொள்ளும், மாறி மாறி வந்தால் பழகாது. இதற்குத் தீர்வும் இதிலேயே இருக்கிறது. வளைவு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கும்படி பிடித்தால் பக்கவாட்டு விலகல் போய்விடும். பின்பாதியில் ஒரு சின்ன அடையாளம் வைத்து, ஒவ்வொரு தடவையும் அது மேலே வரும்படி பிடியுங்கள். ஸ்னூக்கர் ஆடுபவர்கள் வளைவு இல்லாவிட்டாலும் இப்படித்தான் பிடிக்கிறார்கள், அவர்கள் ஸ்டிக்கின் பின்முனையில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பது கைக்கு எப்போதும் ஒரே நிலை கிடைக்க உதவுகிறது.

வாங்குமிடத்தில் டேபிள் இருந்தால் இதைச் சோதித்தும் பார்க்கலாம். வெள்ளைப் பந்தை நடுக்கோட்டில் வைத்து, டேபிளின் எதிர் விளிம்பில் நேராகப் பட்டு டிப்புக்கே திரும்பி வரும்படி பத்து அடி, அடையாளம் மேலே இருக்க. பிறகு ஸ்டிக்கைக் கால் சுற்று திருப்பி இன்னொரு பத்து. இரண்டிலும் பந்து ஒரே மாதிரி வந்தால் அந்த வளைவு உங்கள் ஆட்டத்துக்குப் பொருட்டே இல்லை. இரண்டாவது பத்தில் மட்டும் பந்து ஒரு பக்கமாகவே ஒதுங்கினால், அடையாளம் வைத்து ஆடும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்குவதைப் பார்க்கலாம். வளைவிலேயே கவனம் போய் மற்றதை விட்டுவிடாதீர்கள். ஃபெரூலில் தலைமுடி போன்ற விரிசல் இருக்கிறதா, நகத்தை ஓட்டிப் பாருங்கள். முன்கை விரலில் ஓடும் பகுதியில் பள்ளம் இருந்தால் ஒவ்வொரு அடியிலும் விரலில் தட்டும், கண்ணை மூடிக்கொண்டு விரலுக்குள் ஓட்டினால் சொல்லிவிடும். ஸ்டிக்கைச் செங்குத்தாகப் பிடித்து, அடியிலிருக்கும் ரப்பர் தரையில் படும்படி லேசாகத் தட்டுங்கள். கணீரென்று ஒரே சத்தம் வர வேண்டும். உள்ளே கிரீச்சென்றோ சலசலவென்றோ கேட்டால் ஃபெரூல், பின், எடைக்குப் போடும் போல்ட் இவற்றில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. எடைப் போல்ட் என்றால் ரப்பரைக் கழற்றி முடுக்கினால் போதும், மற்ற இரண்டும் செலவு. வெர்னியர் இருந்தால் டிப் பக்கத் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். 13 மி.மீ. என்று சொல்லி விற்கும் ஷாஃப்ட் 12.3 காட்டினால் நிறையத் தேய்த்திருக்கிறார்கள்.

ஷாஃப்ட் போய்விட்டது, பின்பாதி அருமையாக இருக்கிறது என்ற நிலை அடிக்கடி வரும். எனக்குப் பிடித்த பேரம் இதுதான். விற்பவர் முழு ஸ்டிக்கும் வீண் என்று நினைத்திருப்பார், நீங்கள் வேறு ஷாஃப்ட் போட்டு ஆடலாம். கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் ஈரத்துக்கு வளையாது, மரத்திலேயே துண்டு துண்டாக ஒட்டிச் செய்ததும் ஒற்றை மரத்தைவிட நேராக நிற்கும். ஆனால் புது ஷாஃப்டின் விலையைத் தெரிந்துகொண்டு, அதைக் கழித்துப் பார்த்த பிறகுதான் பேரம் பேச வேண்டும். பின்னின் மரை என்ன வகை என்பதும் முக்கியம். 5/16 அங்குலப் பின்னிலேயே அங்குலத்துக்கு 14 மரை, 18 மரை என்று இரண்டு உண்டு, பார்க்க ஒன்று போலவே இருக்கும், மாற்றித் திருகினால் ஷாஃப்டின் உள்மரை போய்விடும். ஸ்கேலை வைத்து அரை அங்குலத்துக்கு எண்ணுங்கள், ஏழு வந்தால் 14, ஒன்பது வந்தால் 18. இவை தவிர 3/8 அங்குலத்தில் 10 மரை, ரேடியல், யூனி-லாக் என்று வேறு வகைகளும் இருக்கின்றன. ஜாயிண்டின் வெளிவிட்டமும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் சேருமிடத்தில் படி மாதிரி நிற்கும்.

நேரில் பார்க்க முடியாமல் இணையத்தில் வாங்குபவர்கள் போட்டோவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கைபேசியின் அகல லென்ஸில் எடுத்தால் நேரான கம்பும் வளைந்து தெரியும், வளைந்தது நேராகவும் தெரியலாம். வீடியோ கேளுங்கள், கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: ஷாஃப்டை மட்டும் தனியாக, மெதுவாக, இரண்டு முழுச் சுற்று உருட்ட வேண்டும், கேமரா டேபிள் மட்டத்தில் இருக்க வேண்டும், பின்னால் வெளிச்சம் இருக்க வேண்டும். ஜாயிண்டின் இரண்டு முகத்துக்கும் கிட்டத்துப் படம். இதற்கெல்லாம் சலிக்காமல் அனுப்புபவரிடம் தைரியமாக வாங்கலாம். அப்புறம், கம்பெனி உத்தரவாதம் இருக்கிறது என்று சொன்னால் அது இரண்டாவது கைக்கும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல உத்தரவாதங்கள் முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடும்.

நிமிர்த்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள். ஆவி காட்டி வளைப்பது, எடை கட்டித் தொங்கவிடுவது, முழங்காலில் வைத்து அழுத்துவது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நிமிர்ந்த மாதிரி இருக்கும், அடுத்த ஈரக்காற்றில் பழையபடி திரும்பிவிடும். ஆவி பட்டால் மரத்துக்குள் ஈரமும் ஏறும், ஃபெரூல் ஒட்டிய பசையும் இளகும்.

வாங்கி வந்ததும் உடனே எந்தச் செலவும் செய்ய வேண்டாம். வளைவின் உச்சி எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, ஜாயிண்ட் வளையத்தில் அதற்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், எத்தனை தாள் நுழைந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதியையும் கழற்றி, உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்க வைத்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு அளந்து பாருங்கள். உச்சி வேறு பக்கம் போயிருந்தாலோ எண்ணிக்கை மாறியிருந்தாலோ மரம் இன்னும் அடங்கவில்லை, இன்னும் சில வாரம் காத்திருங்கள். புள்ளியும் எண்ணிக்கையும் அப்படியே இருந்தால் தயங்காமல் புது டிப் போடக் கொடுத்துவிடலாம்.